நவரட்ணத்தைத் திரையில் சாகடித்த அலெக்ஸாண்டர்

இலண்டன், இலண்டன், இலண்டன். அலெக்ஸாண்டர் வாயைத் திறந்தால் அதுதான். ரொறொன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு மாடிக்கட்டடத்தில் குடியிருந்துகொண்டு, பகலெல்லாம் ஃபாக்டரியில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டு, மனுசன் இன்னமும் இலண்டனிலேயே இருந்தார். "நான் அங்க ரெலிவிஷனில இருக்கேக்கை..." என்று தொடங்குவார். கேட்டுக்கொண்டிருப்பவன் சப்பாத்தைத் தேடுவான். பாவம், மனைவி பேர்ணடெற்றுக்கு எழும்பிப் போகவும் வழியில்லை. அவளுக்கு வீடே அதுதானே.

சரி, அங்கே அப்படி என்னதான் வெட்டி விழுத்தினார்? இலண்டனில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் வேலை செய்தது உண்மை. படம் நின்றுபோனால், ஒலி அறுந்தால், மழைக்கு ரான்ஸ்மிற்றர் படுத்துவிட்டால், உடனே பூக்கூடையோ ஆற்றங்கரையோ வரைந்த ஒரு அட்டையைக் கமராவுக்கு முன்னால் வைத்து, இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட வேண்டும். பழுதைத் திருத்துவது வேறு ஆட்கள். அட்டையை அளவு பார்த்து எழுதுவது வேறு ஆட்கள். மன்னிப்புக் கேட்டு வாசிப்பது வெண்ணெய்க் குரல் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர். அலெக்ஸாண்டர் அட்டையைத் தூக்கி வைத்தார். அவ்வளவுதான் ஐயா. பிறகு அதைச் செய்ய ஒரு மிஷின் வந்தது, இவர் கனடாவுக்கு வந்தார்.

ஆனால் பிறந்தநாள் வீடுகளில் அவர் சொல்லும் கதையைக் கேட்டால் இங்கிலாந்துத் தொலைக்காட்சியே அவர் தோளில்தான் நின்றது. படச்சுருள் அறுந்த கதை, மந்திரி ஒருவர் வாயை வாயை அசைக்க ஒரு சத்தமும் வராமல் போன கதை, செய்தி வாசிப்பவரின் தலை மேலேயும் கழுத்து கீழேயுமாகப் படம் பிளந்த கதை. "நான் இருந்த காலத்தில ஒருநாளும் திரை கறுத்ததில்லை. வெள்ளைக்காரன் பிழை விட்டாலும் ஸ்ரைலா மன்னிப்புக் கேப்பான்" என்று மூக்கை நிமிர்த்துவார். பிறகு அந்த வெண்ணெய்க் குரலில் மன்னிப்பு அறிவிப்பை இங்கிலீசில் ஒப்புவித்தும் காட்டுவார்.

அந்த ஆள் சொந்த வாழ்க்கையில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஃபாக்டரியில் மேற்பார்வையாளரைத் திட்டிவிட்டு வருவார், பேர்ணடெற் ரெலிபோன் எடுத்துச் சமாளிப்பாள். மாதா கோயிலில் சுவாமியாரின் பிரசங்கம் நீளம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவார், பேர்ணடெற் கேக் கொண்டுபோய்க் கொடுப்பாள். இருபத்தேழு வருடமாக அவருடைய வாய்க்கு இவள் தலை குனிந்தாள். அதை நினைத்தால் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருக்கும்.

அவளுக்கு இருந்த ஒரே நிம்மதி கமலாம்பிகை. அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தவள், நவரட்ணத்தின் மனைவி. இரண்டு பேரும் மார்க்கம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. கமலாம்பிகையின் காரில்தான் போவார்கள், வருவார்கள், வழியெல்லாம் சிரிப்பார்கள். பேர்ணடெற்றுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரிக் கதிரையில் குந்தியிருந்தது கமலாம்பிகைதான். அன்றைக்கு அலெக்ஸாண்டர் எங்கே என்று கேட்கிறீர்களா? யாருக்கோ அன்ரெனா பூட்டிக் கொடுக்கப் போயிருந்தார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு சூசைதாசன் என்பவர் ஒரு பன்மொழிச் சனலில் சனிக்கிழமை தோறும் ஒரு மணிநேரத் தமிழ் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். நேரடி ஒளிபரப்பு. செய்தி வாசிப்பது நவரட்ணம். மாதத்துக்கு ஒருமுறையாவது திரை கறுக்கும். சனம் பழகிவிட்டது. எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரும். அலெக்ஸாண்டருக்கோ அது உயிர் போகிற விசயம். சூசைதாசனின் வீட்டுக்கே போய், "உது ரெலிவிஷன் இல்லை, கரண்ட் இல்லாத வீடு" என்று சொல்லி, தன்னைத் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஆக்கிக்கொண்டுதான் திரும்பினார்.

போன கையோடு ஒருவரையும் கேளாமல் ஒரு தடங்கல் படம் தயாரித்தார். வெள்ளைக்காரனுக்குப் பூக்கூடை என்றால் தமிழனுக்குக் குத்துவிளக்கு. கறுப்புப் பின்னணி, ஓரத்தில் எரியும் விளக்கு, அடியில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று சின்ன எழுத்து. பெரிய எழுத்து நாகரிகம் இல்லையாம். கூடவே மெல்லிய வயலின். அந்தக் கசெற்றை வாரம் முழுக்க வீட்டில் போட்டுப் போட்டுக் கேட்டார். பேர்ணடெற்றுக்குக் காது புளித்தது.

இந்தப் பெரிய மூளைக்கு ஒன்று தெரியாது. நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் மரண அறிவித்தல் போடுவார்கள். செத்தவரின் படம், பக்கத்தில் குத்துவிளக்கு, கீழே பெயர், வயலின். ரொறொன்ரோவில் சின்னப்பிள்ளைக்கும் அது தெரியும். அலெக்ஸாண்டருக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் மரண அறிவித்தல் தொடங்கினால் அவர் ரீவியை நிற்பாட்டிவிடுவார். "உதெல்லாம் ஒரு நிகழ்ச்சியோ?" என்பார். ஸ்ரூடியோவிலும் அந்த நேரம் கோப்பி குடிக்க வெளியே போய்விடுவார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பேர்ணடெற்றும் கமலாம்பிகையும் வழக்கம்போல மேல்மாடி வீட்டில் ரீவிக்கு முன்னால் இருந்தார்கள். நவரட்ணம் திருநீறும் சந்தனமும் வைத்து, கோட்டுப் போட்டு, செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். நடுச் சொல்லில் சத்தம் நின்றது. முகம் உறைந்தது. கண் பாதி மூடினபடி, வாய் கொஞ்சம் திறந்தபடி. அலெக்ஸாண்டர் அங்கே தன்னுடைய பொத்தானை அமத்தினார். ஒரு படத்திலிருந்து மற்றப் படத்துக்கு மாற்றுகிற மிக்சரும் பழசு, மாறத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. விளக்கு வந்தது, நவரட்ணம் போகவில்லை. கறுப்புக்குள் அவர் முகம், பக்கத்தில் எரியும் விளக்கு, கீழே செய்திக்காகப் போட்டிருந்த 'திரு. நவரட்ணம்' என்ற பெயர். வயலின் அழத் தொடங்கியது.

'வருந்துகிறோம்' எங்கே போனது? ஸ்ரூடியோ மொனிற்றரில் அது வடிவாகத் தெரிந்தது. வீட்டு ரீவிகளோ படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். எழுதுகிறவர்கள் அதற்கு இடம் விட்டு எழுதுவார்கள். இலண்டனில் அந்த அளவை எல்லாம் பார்த்தவர்கள் வேறு ஆட்கள் என்று முதலே சொன்னேன் அல்லவா? இவருடைய எழுத்து ஒரு வீட்டிலும் தெரியவில்லை.

"ஐயோ, என்ர ஐயோ!" என்று கமலாம்பிகை எழும்பினாள். நவரட்ணத்துக்குப் பிறஷர் இருந்தது. வாசித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்?

பேர்ணடெற்றுக்கு வயலினைத் தெரிந்தது. "கமலா, பொறும், பொறும், இது எங்கட மனுசன்ர பாட்டு" என்று கத்தினாள். கத்தும்போதே அவளுக்கும் சந்தேகம். பெயரும் போட்டிருக்கிறதே? ஸ்ரூடியோவுக்கு ரெலிபோன் அடித்தாள். கிடைக்கவில்லை. பழுது நேரத்தில் ரெலிபோன் மணி அடித்தால் அமைதி குலையும் என்று அந்தப் பெருமான் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தார். அவள் திரும்பத் திரும்ப இலக்கத்தை அமத்திக்கொண்டிருக்க, கமலாம்பிகை சேலைத் தலைப்பால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். குங்குமம் கன்னம்வரை இழுபட்டது. பேர்ணடெற் பாய்ந்து கையைப் பிடித்தபோது பொட்டு இல்லை.

திரை திருந்துவதற்குள் நேரம் முடிந்து இத்தாலிச் சமையல் தொடங்கிவிட்டது. பிறகென்ன, சனம் வந்தது. பக்கத்து வீட்டு மட்டக்களப்பு இராசமணி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று இடியப்பமும் சொதியுமாக ஆட்கள் எலிவேற்றரை நிறைத்தார்கள். ஆம்பிளைகள் சோபாவைத் தூக்கிப் படுக்கையறைக்குள் தள்ளி, வெள்ளை விரிப்பு விரித்தார்கள். "எப்ப எடுக்கினமாம்?" என்று வாசலில் கேட்டார்கள். ஒருத்தராவது ஆஸ்பத்திரிக்கு அடித்துக் கேட்போம் என்று நினைக்கவில்லை. ரீவியில் வந்துவிட்டதே!

சூசைதாசனோடு சாப்பிடப் போயிருந்த நவரட்ணம், கையில் மட்டன் ரோல்ஸ் பார்சலோடு வந்து வாசலில் நின்றார். "ஆர் செத்தது?" என்று கேட்டார்.

சனம் அவரையும் பார்சலையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. கட்டிப்பிடித்தார்கள், தோளில் தட்டினார்கள், கொண்டுவந்த இடியப்பத்தை எல்லாரும் இருந்து சாப்பிட்டார்கள். கமலாம்பிகை மட்டும் சிரிக்கவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் வெறும் நெற்றியோடு நின்றாள். "உயிரோட இருக்கிற மனுசனுக்கு நானே என்ர கையால பொட்டை அழிச்சிட்டன், பேர்ணடெற்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பேர்ணடெற் கேக்கோடு மேலே போனாள். கமலாம்பிகை கதவைச் சங்கிலி போட்டபடி திறந்தாள். நெற்றியில் முன்னையைவிட இரண்டு மடங்கு பெரிய பொட்டு.

"கமலா, அவருக்காக நான்..."

"நீர் என்ன செய்தனீர்? உம்மட மன்னிப்பு எனக்கு வேண்டாம். அலெக்ஸ் அண்ணை வந்து என்ர முகத்தைப் பாத்து ஒரு சொல்லுச் சொல்லட்டும். அதுவரைக்கும் நீரும் வராதையும். எனக்கு உம்மைப் பாக்க அந்த வயலின்தான் கேக்குது."

கதவு மூடியது. திங்கட்கிழமை கார் பேர்ணடெற் இல்லாமலே மார்க்கம் போனது. அவள் இரண்டு பஸ் மாறி, காற்றில் நடந்து போனாள். வேலைத்தலத்தில் கமலாம்பிகை மற்றப்பக்க மேசையில் நின்று துணி மடித்தாள். எத்தனையோ வருடமாகக் கட்டியவனோடு இருந்த தனிமை பேர்ணடெற்றுக்குப் பழகிப்போயிருந்தது. இந்தத் தனிமையை அவளால் தாங்க முடியவில்லை.

"இஞ்சருங்கோ, ஒருக்கா மேல போய் ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்" என்று அவள் கெஞ்சினாள்.

"விசரோ உனக்கு? அது ரெக்னிக்கல் ஃபோல்ற். நிலையம்தான் வருத்தம் தெரிவிக்கிறது. தனி ஆள் கேக்கிற வழக்கம் இங்கிலாந்தில இல்லை" என்றார் அலெக்ஸாண்டர். "பொட்டை அழிக்கச் சொல்லி நானோ சொன்னன்? பட்டிக்காட்டுச் சனத்துக்கு ரெலிவிஷன் பாக்கத் தெரியாட்டி நான் என்ன செய்ய?"

சீ! அன்றைக்குத்தான் பேர்ணடெற்றுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போனது.

அந்த வெட்கங்கெட்ட மனுசன் அடுத்த சனிக்கிழமை என்ன செய்தார் தெரியுமா? அதே விளக்கு, அதே வயலின், நடுவில் பெரிய எழுத்தில் 'சென்ற வாரத் தடங்கலுக்கு நிலையம் வருந்துகிறது'. கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு வந்தார். நவரட்ணம் செய்தி வாசிக்கப் போகவில்லை. அந்தாள் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை வாசலைத் தாண்டக்கூடாது என்று கமலாம்பிகை மறித்துவிட்டாள். வேறு செய்தி வாசிக்க ஆளில்லை. சூசைதாசன் அலெக்ஸாண்டரைக் கூப்பிட்டு, "அண்ணை, ஒண்டில் நீங்கள் போய்க் கேளுங்கோ, இல்லாட்டி நீங்கள் வேண்டாம்" என்று நேரே சொன்னார்.

அப்போதுதான் புறப்பட்டார். மனுசிக்காக இல்லை, பொத்தானுக்காக. கோட்டுப் போட்டார், ரை கட்டினார். பேர்ணடெற்றும் பின்னால் போனாள். அவர் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டால் நாளைக்குக் காரில் இடம் கிடைக்கும், கமலாவின் சிரிப்புக் கிடைக்கும் என்ற ஆசைதான்.

கமலாம்பிகை சங்கிலி போட்டபடி கதவைத் திறந்தாள். அலெக்ஸாண்டர் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, அந்த இலண்டன் வெண்ணெய்க் குரலில், இங்கிலீசில் தொடங்கினார். எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறினால் நேர்ந்த தடங்கலுக்காக நிலையத்தின் சார்பில் நேயர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறார்களாம். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கமலாம்பிகை முழுவதையும் கேட்டாள். "அந்தப் படத்தைப் போட்டது ஆர்?" என்று கேட்டாள்.

"அது வந்து, மிக்சரில ஒரு ஃபோல்ற்..."

"மிக்சரைக் கேக்கேல்லை."

அலெக்ஸாண்டர் ரையை இழுத்துச் சரிசெய்தார். வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பிப் பேர்ணடெற்றைப் பார்த்தார். எடுத்துக் கொடு, சமாளி என்ற பார்வை.

பேர்ணடெற் அவரைப் பார்க்கவே இல்லை. "கமலா, இந்த மனுசன் மன்னிப்புக் கேக்காது" என்றாள். "இருவத்தேழு வருசத்தில என்னட்டையே ஒருக்காலும் கேட்டதில்லை. நானும் இனி இவருக்காக ஒருத்தரிட்டையும் கேக்கமாட்டன். ஆனா நீர் என்னோட கதையாமல் இருந்தா என்னால ஏலாது. எனக்கு வேற ஆர் இருக்கினம்?"

சங்கிலி கழன்றது. கமலாம்பிகை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பின்னால் காலை வைத்த அலெக்ஸாண்டரை உள்ளங்கையால் மறித்தாள். "நிலையத்துக்கு இஞ்ச இடமில்லை, அண்ணை."

கதவு சாத்தியது. உள்ளே நவரட்ணம் சாரத்தோடு எழும்பி வந்து, ஒன்றும் கேட்காமல் கேத்திலைப் போட்டார். இரண்டு பெண்களும் மேசையில் இருந்து கண்ணைத் துடைத்தார்கள். பிறகு வெளியே கொரிடோரிலிருந்து கதவை மெல்லத் தட்டும் சத்தம். வெண்ணெய் எல்லாம் போன, வெறும் யாழ்ப்பாணக் குரல்.

"பேர்ணடெற்... நான் என்ன சொல்லவேணும் எண்டு ஒருக்காச் சொல்லுமன்."

பேர்ணடெற்றுக்கு நன்றாகக் கேட்டது. அவள் தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்தில் இழுத்து, சீனி போட்டுக் கலக்கத் தொடங்கினாள்.