இறங்க இறங்க ஏறும் சார்ஜ்

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், நடுரோட்டில் வைத்து, "நீ எவ்ளோ வெயிட்டும்மா இருப்ப?" என்று கேட்கலாமா?

என் அண்ணன் கேட்டார். போன மாதம், ஜவ்வாது மலையில், பட்டப்பகலில். பக்கத்து சீட்டில் இருந்த எனக்குக் கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்று இருந்தது.

அண்ணன் பெயர் ஏழுமலை. கலசப்பாக்கத்தில் புளி வியாபாரம். சீசனுக்கு முன்னாலேயே மலைக்குப் போய், காய் மரத்தில் தொங்கும்போதே பார்த்து, மரத்தோடு விலை பேசி முடித்துவிட்டு வருவார். நல்ல மனிதர்தான். ஆனால் எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார். அப்படிப்பட்டவர் இந்த வருஷம் எலெக்ட்ரிக் கார் வாங்கினார். சுற்றுச்சூழல் மேல் அக்கறையா? அதெல்லாம் ஒன்றும் இல்லை. பெட்ரோல் பங்க்கில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சை அடைக்கிறதாம்.

கார் டெலிவரி எடுக்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். ஷோரூம் பெண் பொறுமையாக ஒவ்வொன்றாக விளக்கினாள். "மலையில இறங்கும்போது, பிரேக் பிடிக்கும்போது எல்லாம் தானாவே சார்ஜ் ஏறும் சார்..." அண்ணன் தலையாட்டினார். கண் மட்டும் நாலு டயருக்கும் கீழே வைத்திருந்த எலுமிச்சம்பழத்தின் மேல். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்:

"எறக்கத்துல ஏறுமாம்! கேக்கறவன் கேனயனா இருந்தா... விக்கறவங்க ஆயிரம் சொல்லுவாங்கம்மா."

அவரையும் குறை சொல்ல முடியாது. 'இந்த மரத்துப் புளியில கொட்டையே கெடையாதுண்ணா' என்று காலம் முழுக்கக் கேட்டு வந்தவர். விற்கிற வாயிலிருந்து வருகிற எதையும் நம்பக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம்.

அன்றைக்கு மலைக்குக் கிளம்பும்போதே வீட்டில் தகராறு. முந்தின நாள் இரவு கார் சார்ஜரை மாட்டிவிட்டுப் படுத்திருக்கிறார். அண்ணி மாவு அரைப்பதற்காகப் பிளக்கைப் பிடுங்கி கிரைண்டரை மாட்டிவிட்டார். திரும்ப மாட்ட மறந்துவிட்டார். காரா, இட்லியா என்று வந்தால் அந்த வீட்டில் இட்லிதான் ஜெயிக்கும். பாதி சார்ஜ்தான் இருந்தது. "போதும், வா" என்றார் அண்ணன். மலையைப் பார்த்து எனக்கும் நாளாகிவிட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

மேலே ஏற ஏற, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பர்சன்ட் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அண்ணன் ரோட்டைப் பார்த்ததைவிட அந்த எண்ணைப் பார்த்ததுதான் அதிகம். ஜமுனாமரத்தூரைத் தாண்டி, மரத்துக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தியதும் முதலில் விசாரித்தது புளியை அல்ல, பிளக் பாயிண்ட்டை. மாட்டினோம். உள்ளே இருந்து அந்த வீட்டம்மா குரல் வந்தது:

"அண்ணா, இன்னா பண்ணீங்க? ஃபேனு நின்னுபோச்சிங்க!"

கழற்றிவிட்டோம். மரங்களைப் பார்த்துப் பேசி முடித்துக் கிளம்பும்போது மணி பன்னிரண்டு இருக்கும். பர்சன்ட் பதினெட்டு. வீடு போய்ச் சேரலாம். சேராமலும் போகலாம்.

இந்த இடத்தில் மலையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே பஸ் குறைவு. அதனால் கீழே இறங்குகிற எந்த வண்டியும் காலியாகப் போகக் கூடாது. எழுதாத சட்டம். கை காட்டினால் நிறுத்த வேண்டும். ஆளோ, சாமை மூட்டையோ, கோழியோ... இடம் இருக்கிற வரைக்கும் ஏற்றிக்கொள்ள வேண்டும். டெம்போ ஓட்டிய காலத்தில் அண்ணனும் ஏற்றியவர்தான்.

அன்றைக்கு அவர் நிறுத்தவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கை காட்டிய இரண்டு பேரைப் பார்க்காத மாதிரியே தாண்டிப் போனார்.

"ண்ணா, பாவம்ண்ணா."

"வெயிட்டு ஏறினா சார்ஜ் எறங்கும்மா. நாம நடுரோட்ல நின்னா அவுங்களா வந்து தள்ளுவாங்க?"

மூன்றாவது ஆள் கை காட்டவில்லை. நடுரோட்டில் வந்து நின்றுவிட்டாள். அவள்தான் சங்கீதா. இருபத்தைந்து வயது இருக்கும். நெஞ்சோடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே ஃபைல். பின்னால் அவளுடைய அம்மா.

"அண்ணா, திருவண்ணாமலை போவணுங்க. நர்ஸ் வேலைக்கு இன்னிக்கு சர்டிபிகேட் பாக்கறாங்க. காலைல பஸ் வர்லீங்க. ரெண்டு மணிக்குள்ள போவலன்னா அடுத்த ஆளைக் கூப்ட்டுருவாங்க."

அண்ணன் பர்சன்ட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி. நியாயமாக அவள் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபப்படவில்லை.

"நாப்பத்தெட்டுங்கண்ணா. ஃபைல் தனி."

சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "கலசப்பாக்கம் வரைக்கும்தான். அங்க பஸ் புடிச்சிக்கோ. அம்மா வேணாம்." அந்த அம்மா கேட்ட மாத்திரத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார், எங்கே மகளையும் இறக்கிவிடுவாரோ என்று. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அண்ணன் மேல் கோபமாகவும் இருந்தது.

மலைப்பாதை இறக்கம் ஆரம்பித்தது. அண்ணன் கை தானாகப் போய் நியூட்ரலைப் போட்டது.

எங்கள் பக்கத்து ஆம்பளைகளின் பரம்பரை வியாதி இது. மலை இறக்கமா? பைக் என்றால் சாவியையே அணைத்துவிடுவார்கள். கார், டெம்போ என்றால் நியூட்ரல். வண்டி பாட்டுக்கு உருளும், பெட்ரோல் மிச்சம். பிரேக் தேய்ந்து போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நியூட்ரலில் இறங்காதீர் என்று போர்டு இருக்கும். அந்தப் போர்டைத் தாண்டியும் நியூட்ரலில்தான் இறங்குவார்கள். அன்றைக்கும் எங்களை ஒரு பைக் முந்திக்கொண்டு போனது, இன்ஜின் சத்தமே இல்லாமல்.

சத்தமில்லாத பைக்கும் சத்தமில்லாத காரும் ஒன்றன் பின் ஒன்றாக வளைவுகளில் உருண்டுகொண்டிருந்தன. அண்ணன் முகத்தில் ஒரு திருப்தி. "பாத்தியா... ஒரு பர்சன்ட்டுதான் கொறைஞ்சிருக்கு. எத்தினி டெக்னாலஜி வந்தாலும் நம்ம டெக்னிக் தனி."

பாதி மலை இறங்கியிருப்போம். பிரேக்கிலிருந்து தீய்ந்த வாசனை வர ஆரம்பித்தது. பின் சீட்டில் சங்கீதா முன்னால் குனிந்தாள்.

"அண்ணா, நியூட்ரல்லயா வர்றீங்க?"

"ஆமா, இன்னா?"

"கியர்ல போடுங்கண்ணா. எங்கப்பா இப்டி வந்துதான் இந்த வளைவுல வுழுந்து கையொடிச்சிகினாரு. எனுக்கு இன்னிக்கு வேலை போனாலும் பரவால்ல. இல்லன்னா எறக்கி வுட்டுடுங்க, நடந்து போறேன்."

அவள் குரல் நடுங்கியது. ரெண்டு மணிக்குப் போய்ச் சேர வேண்டியவள் நடந்து போகிறேன் என்கிறாள் என்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்? அண்ணனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி சரி, அழுவாத. போட்டுட்டேன்... சார்ஜ் போச்சின்னா நான் பொறுப்பில்ல."

கியரில் போட்டதும் கார் தானாகவே வேகத்தை அடக்கிக்கொண்டது. லேசாக ஒரு ரீங்காரம். பிரேக்கே தேவைப்படவில்லை. இரண்டு வளைவு போனோம். பதினேழு... பதினெட்டு ஆகியிருந்தது.

அண்ணன் காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா இது, மீட்டர் பூட்ச்சா?"

"ண்ணா... அன்னிக்கு அந்த ஷோரூம் பொண்ணு சொன்னாளே."

"இன்னா சொன்னா?"

"எறக்கத்துல ஏறும்னு."

அண்ணன் அந்த எண்ணையே முறைத்துப் பார்த்தார். விற்கிறவர் ஒருவர் தன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்கிற அதிர்ச்சியிலிருந்து மனிதர் மீள வேண்டாமா? மீண்டார். மீண்டதும் அவருக்குள் இருந்த வியாபாரி முழித்துக்கொண்டார்.

"இரு இரு... வண்டி உருள்றதுலதான் கரன்ட்டு வருதுன்னா, வெயிட்டு ஜாஸ்தி இருந்தா ஜாஸ்தி வரும்ல?"

வந்தது வினை. அடுத்த வளைவில் ஒரு கணவன் மனைவி சாமை மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். கை கூடக் காட்டவில்லை, பாவம். அண்ணனே ஹாரன் அடித்து நிறுத்தினார். "ஏறுங்க, ஏறுங்க. மூட்டையும் வையி. ஒரு மூட்டைதானா?" அவர்கள் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். வாடகை கேட்பாரோ, என்னவோ என்று. எதிரில் யாராவது தென்பட்டால் நிறுத்தி, "கீழ வர்லியா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். மேலே ஏறிப் போகிறவரிடம் கூடக் கேட்டார்.

சங்கீதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணா, மணி ஒன்னாவப் போவுதுண்ணா! எல்லாரையும் ஏத்திகினே இருந்தா எப்ப போறது?"

அப்புறம்தான் ஹாரனை விட்டார்.

அடிவாரத்துக்கு வந்தபோது எண் இருபத்தொன்று. சாமை மூட்டைக்காரர்கள் இறங்கி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மெயின் ரோட்டுக்கு வந்தோம். இனிமேல் சமதளம். ஏறுவதற்கு வழியில்லை, இறங்க மட்டும்தான். வழியில் இருந்த ஒரே சார்ஜிங் பாயிண்ட்டில் அன்றைக்குப் பார்த்து கரன்ட் இல்லை. அண்ணன் ஏசியை அணைத்தார். ஃபேனை அணைத்தார். பாட்டை அணைத்தார். மாசி மாதத்து மத்தியான வெயில். மூன்று பேரும் அவிந்துகொண்டு போனோம். "மூச்சு வுடறதுக்கு சார்ஜ் ஆவாதில்ல?" என்று கேட்டேன்.

கலசப்பாக்கம் வந்தது. பதினொரு பர்சன்ட். மணி ஒன்று இருபது.

பஸ் ஸ்டாப்பில் பஸ் இல்லை. கூட்டம் நின்றுகொண்டிருந்தது. சங்கீதா கதவைத் திறக்கக் கை வைத்தாள். "ரொம்ப நன்றிங்கண்ணா" என்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

அண்ணன் வீட்டுத் தெருவுக்கு இண்டிகேட்டர் போட்டிருந்தார். வீடு, கூப்பிடு தூரம். பிளக் பாயிண்ட், கிரைண்டர் மாட்டாமல் காலியாக இருக்கும். இந்தப் பக்கம் திருவண்ணாமலை. போய்ச் சேர்வோமா என்று அந்தக் காருக்கே தெரியாது.

டிக் டிக் என்று இண்டிகேட்டர் அடித்துக்கொண்டிருந்தது. அணைத்தார்.

"கதவைச் சாத்தும்மா. நீ சொன்னதாலதான் நாலு பர்சன்ட்டு வந்துச்சு. அது உன்னுதுதான்."

என் அண்ணனா இது? நான் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஆபீஸ் வாசலில் நின்றபோது மூன்று பர்சன்ட். டேஷ்போர்டு முழுக்கச் சிவப்பு விளக்கு, என்னென்னவோ எச்சரிக்கை. மணி இரண்டாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. சங்கீதா ஃபைலைக் கட்டிக்கொண்டு ஓடினாள். நாங்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். காருக்குச் சார்ஜ் போடப் பக்கத்துத் தெருவில் இடம் இருக்கிறதா என்று அண்ணன் விசாரிக்கப் போகவே இல்லை. அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் வந்தாள். தூரத்திலேயே சிரிப்பு தெரிந்தது.

"கெடைச்சிடுச்சிண்ணா! அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்துட்டாங்களாம்... கரெக்ட்டா போய்ட்டேன்."

"நல்லா இரு" என்றார் அண்ணன். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று அவர் சொல்லக்கூடும்.

அடிவாரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. அங்கேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்குப் போகிறாள். போன ஞாயிறு நாங்கள் புளி பார்க்க ஏறும்போது அடிவாரத்தில் நின்று கை காட்டினாள். இப்போதெல்லாம் இறங்கும்போது அண்ணன் கார் சினிமா விட்ட கூட்டம் மாதிரிதான் வருகிறது. ஏழுமலை திருந்திவிட்டார் என்று மலை பூராவும் பேச்சு. ஆனால் ஏறும்போது யார் கை காட்டினாலும் நிறுத்துவதில்லை. கொள்கை.

நிறுத்தினார். சங்கீதாவுக்கு மட்டும். பர்சன்ட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஏறு. ஆனா சாயந்தரம் எறங்கும்போதும் எங்கூடத்தான் வரணும், சொல்ட்டேன். உங்கம்மாவையும் கூட்டிகினு வா."

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். கார் சர்வீஸ் செய்கிற ஒருவரிடம் கேட்டேன்: நாலு ஆள் கூடுதலாக ஏறினால், இறக்கத்தில் எவ்வளவு சார்ஜ் கூடும்? அவர் சிரித்தார். காரின் வெயிட்டுக்கு முன்னால் ஆள் வெயிட் எம்மாத்திரம் மேடம், கொசு உட்கார்ந்த மாதிரிதான் என்றார். அன்றைக்கு ஏறியதெல்லாம் கியரில் போட்டதால் ஏறியது.

அண்ணனுக்குப் பத்திரிகை படிக்கிற பழக்கம் கிடையாது. படிக்கிற நீங்கள் யாரும் அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்... மலையில் பஸ் குறைவு.