தீயணைப்பு இல்லாத போர்க்கப்பல்

கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலைக்குச் சுமை இறக்கப் போயிருந்தேன். சுவரிலிருந்த சிவப்புப் பெட்டியில் ‘ஃபயர் கண்ட்ரோல்’ என்று எழுதியிருந்தது. மூட்டையை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் அப்பா படுக்கையில் விழுந்த வருடம். இனி ஒருவன்தான் படிக்க முடியும், மற்றவன் செங்கல் சூளைக்குப் போகட்டும் என்றாள் அம்மா. யார் என்பதை நானும் அண்ணனும் விளையாடித் தீர்க்க முடிவு செய்தோம். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகத்தின் விளையாட்டு அது. விண்வெளிப் போர்க்கப்பலைக் காகிதத்தில் நாமே வடிவமைத்து, பகடை உருட்டிச் சண்டையிட வேண்டும். பீரங்கி, கவசம் எல்லாம் இருபது புள்ளிக்குள் அடங்க வேண்டும். பட்டியலில் ‘ஃபயர் கண்ட்ரோல்’ என்றும் ஒன்று இருந்தது.

அகராதியைப் புரட்டிய அண்ணன், “தீயணைப்பு லே,” என்றான்.

“வானத்துல காத்தே கெடையாது. தீ எப்படிண்ணே பிடிக்கும்?” என்று சிரித்துவிட்டு, புள்ளி முழுவதற்கும் பீரங்கியே வாங்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவன் இரண்டு தீயணைப்பு வாங்கினான்.

நான் சுடப் போனபோதுதான் விதியை முழுதாகப் படித்தான். “ஏலே, இது தீயணைப்பு இல்ல. குறி பாக்குத கருவி. இது இல்லாத கப்பல் சுடவே கூடாதாம்.”

மூன்றே சுற்றில் என் கப்பல் உடைந்தது.

“தப்பாச் சொன்னது நாந்தானே. இன்னொருக்கா ஆடுவோம் லே,” என்றான். பகடையை என் பக்கம் நீட்டினான்.

“போதும்ணே,” என்றேன்.

மறுநாள் சூளைக்குப் போனேன். அதன்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. அந்த இரண்டாவது ஆட்டத்தை ஆடியிருக்கலாம் என்று சில நாட்கள் தோன்றும். முதுகு வலிக்கிற நாட்களில் கட்டாயம் தோன்றும்.