மெழுகு உருகிய மதியம்

அபுதாபியில் நான் பார்க்கும் வேலைக்கு ஊரில் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. "மைக் செட்டா?" என்று சித்தப்பா கேட்பார். ஏறக்குறைய அதுதான், கொஞ்சம் பெரிய மைக் செட். ஓர் அரங்கில் ஒலிப் பொறியாளர். நிகழ்ச்சி எதுவானாலும் முதலில் பட்டியல் எழுதிவிடுவேன். கம்போடியாவிலிருந்து பாரம்பரிய இசைக் குழு வருகிறது என்றதும் எழுதிய பட்டியலில் பதினேழு வரிகள். மூன்றாவது வரி இது: மின் சாதனங்களை முதலில் இறக்கவும், மரச் சாமான்கள் கடைசியில்.

அது மே மாதம். இங்கே வேலை பார்க்கும் எவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். வெயிலில் மிக்ஸர் செத்துவிடும், மரத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது? நிகழ்ச்சியன்று வாசலில் பாதுகாப்புச் சோதனை இழுத்துக்கொண்டே போனது. இசைக்கருவிப் பெட்டிகள் மூடிய வேனுக்குள் ஒன்றரை மணி நேரம் கிடந்தன. பிறகு அவற்றை மேடைக்குக் கொண்டுவந்து வைத்து, மூன்றாவது வரிக்கு டிக் போட்டேன்.

இரண்டு மணிக்குக் குழு வந்தது. குழுத் தலைவரை மேதை, மேதை என்று எல்லோரும் சொன்னதால் வெள்ளை உடையில் மெலிந்த ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஐம்பது வயதுக்காரர், நல்ல தொப்பை, கால்பந்து பனியன், கையில் ஒரு கப் கரக் சாயா. அவருக்கு மொழிபெயர்க்க, இங்கே ஒரு ஹோட்டல் ஸ்பாவில் வேலை செய்யும் கம்போடியப் பெண் வந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஆங்கிலம்தான்.

"இன்னிக்கு லீவுக்காக மூணு வெள்ளிக்கிழமை டூட்டியை மாத்திக் கொடுத்திருக்கேன்" என்றாள். "ஊரை விட்டு வந்து நாலு வருஷம். ரோனியட் சத்தம் நேரில் கேட்கணும். போனில் கேட்டால் தகர டப்பா மாதிரி இருக்கு."

ரோனியட் என்பது படகு போன்ற ஒரு பெட்டி. அதன்மேல் இருபத்தொரு மூங்கில் பட்டைகள் வரிசையாகக் கயிற்றில் தொங்கும். இரண்டு குச்சிகளால் தட்டுவார்கள். குழுவை நடத்திச் செல்வது அதுதான், அது இல்லாமல் மற்றவர்கள் தொடங்க மாட்டார்கள்.

மேதை ஒரு பட்டையைத் தட்டினார். அடுத்ததைத் தட்டினார். சாயாவைக் கீழே வைத்தார். வரிசையைத் தூக்கித் திருப்பினார். பட்டைகளின் அடியில், இரு முனைகளிலும் கருப்பு உருண்டைகள் ஒட்டியிருக்க வேண்டுமாம், தேன்மெழுகில் ஈயத் தூளைப் பிசைந்து வைத்தவை. உருண்டையைக் கூட்டினால் சுருதி இறங்கும், சுரண்டினால் ஏறும். வேனுக்குள் மெழுகு இளகி, ஏறக்குறைய எல்லாமே கழன்று விழுந்திருந்தன. பெட்டிக்குள் விரித்திருந்த துணியில் கொஞ்சம், தையல் இடுக்குகளில் கொஞ்சம்.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"வண்டியில் கடைசிவரை வைக்கச் சொன்னது நான்தான். என் பட்டியல்" என்றேன். சொல்லிவிட்டு, யாரோ ஆதாரம் கேட்டதைப் போலக் காகிதத்தையும் நீட்டினேன்.

அவர் காகிதத்தைக் கவனமாகப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "மதியச் சாப்பாடு எத்தனாவது வரின்னு கேட்கிறார்."

பதினாறாவது வரி. அதை இரண்டாவதாக்கி பிரியாணி வரவழைத்தேன்.

துணியில் ஒட்டிய மெழுகை வழித்து, ஒரு கோப்பையில் போட்டு, அதைக் கெட்டில் வெந்நீருக்குள் வைத்து இளக்கினோம். மெழுகு போதுமான அளவு தேறியது. ஈயத் தூள்தான் தையல் இடுக்குகளில் இறங்கிப் பாதி போய்விட்டது. ஏழரைக்கு நிகழ்ச்சி, மணி மூன்று. அபுதாபியில் ஈயத் தூள் எங்கே விற்பார்கள்?

எங்கள் விளக்கு இயக்குநர் யாழ்ப்பாணத்துக்காரர். ஏணியிலிருந்து இறங்கிவந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, முகம் இப்பிடி இருக்கு? உம்மட பட்டியல் துலைஞ்சு போச்சோ?"

"அண்ணா, ஈயம் வேணும். ஈயம்!"

"அதுக்கேன் கத்துறீர்? முசஃபாவுக்குப் போவம், வாரும். டயருக்கு வீல் பேலன்ஸ் பண்ணேக்க துண்டு துண்டா அடிக்கிறாங்களே, பழசெல்லாம் ஈயம்தானே."

என்னிடம் பொறியியல் பட்டம் இருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

முசஃபா தொழிற்பேட்டையில் அவருக்குத் தெரிந்த டயர்க்கடையில் இருந்தவர் ராமநாதபுரத்துக்காரர். பழைய துண்டுகள் கிடந்த டப்பாவை எங்கள் முன்னால் கவிழ்த்தார்.

"எந்த வண்டிக்கும்மா?"

"வண்டிக்கு இல்லண்ணே, வாத்தியத்துக்கு. தூளா ராவித் தரணும்."

"வாத்தியத்துக்கு வீல் பேலன்ஸா?" அவர் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் புள்ள வெயில்ல ரொம்ப நேரம் நின்னுச்சா?"

"வேலையைப் பாரும் ஐயா, நேரம் போகுது" என்றார் அண்ணா.

நானே அரத்தை வாங்கினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "குடும்மா, நீ ராவுனா அடுத்த ரம்ஜான் வந்துரும்" என்று பிடுங்கிக்கொண்டார். ஒரு டப்பா நிறையத் தந்தார். வெறும் கையால் தொடக்கூடாது என்று நான் சொன்னதும், தன் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

திரும்பியபோது நாலே முக்கால். மேதை தூளை மெழுகோடு பிசைந்து ஒட்டினார், தட்டினார், நகத்தால் சுரண்டினார், மறுபடி தட்டினார். கையுறை கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். உதவட்டும் என்று, என் போனில் இருந்த, மேற்கத்திய சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு பட்டைக்கும் சிவப்பு விளக்கு. முடிந்துவிட்டது என்று அவர் தள்ளிவைத்த பட்டைக்கும் சிவப்பு.

"இது இன்னும் தப்பா காட்டுதே" என்றேன்.

அவள் மொழிபெயர்த்தாள். அவர் குனிந்து என் போனைப் பார்த்தார். பிறகு அதே பட்டையையும் அதிலிருந்து எட்டாவது பட்டையையும் ஒன்றாகத் தட்டினார். இரண்டும் ஒரே குரலாகக் கேட்டன. போன் சிவப்பாகவே இருந்தது.

"உங்க போனுக்கு வாத்தியார் யாருன்னு கேட்கிறார். எங்க ஊரில் வாசிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் அவங்கவங்க வாத்தியாரைக் கும்பிடணும். இதோட வாத்தியாருக்கும் ஒரு ஊதுபத்தி வைக்கலாமாம்."

போனை அணைத்து வைத்தேன். ஏழு பத்துக்குக் கடைசிப் பட்டை முடிந்தது. மேடைக்குப் பின்னால் பழம், பூ, வெற்றிலை வைத்த தட்டுக்கு முன் குழு அமர்ந்து வணங்கியது. தீ அனுமதிக்கப்படாத கட்டடம் என்பதால் ஊதுபத்தியை ஏற்றவில்லை, வெறுமனே நட்டுவைத்தார்கள்.

நிகழ்ச்சியில் என் வேலை குறைவுதான். முதல் தட்டு விழுந்ததும் மிக்ஸரில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டேன். திருத்த எதுவும் இல்லை. ஈரமான மூங்கில் காட்டில் ஆலங்கட்டி மழை பெய்தால் அப்படி இருக்கலாம். நான் அந்தக் காட்டையும் பார்த்ததில்லை, மழையையும் அதிகம் பார்ப்பதில்லை. மூன்றாவது வரிசையில் மொழிபெயர்த்த பெண் இரு கைகளையும் கன்னங்களில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பாட்டில் அழுதாள். நாலாவதில் பக்கத்திலிருந்த அரபிப் பெண்மணியிடம் ஏதோ விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுத் தாளம் போட்டாள்.

முடிந்ததும் மேதை நேராக ஒலி மேசைக்கு வந்தார். என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நீளமாக, உற்சாகமாக, தொப்பை குலுங்கச் சிரித்துச் சிரித்துப் பேசினார். ஒரு சொல்லும் புரியாமல் நானும் சிரித்தேன்.

"என்ன சொல்றார்?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்களை மூடிக்கொண்டு, கடைசிப் பாட்டைத் தலையாட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க" என்றாள். "இது முடியட்டும்."