அறுபது என்று சுட்ட வில்

தச்சருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அரசாங்கக் காகிதங்களோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவர் ‘கச்சிதம்’. கதவு நிலையில் போய் உட்கார்ந்தால் “கச்சிதம்” என்பார். நாற்காலி ஆடாமல் நின்றால் “கச்சிதம்” என்பார். ஒரு நூல் விலகினாலும் செய்த பொருளை வாங்க வந்தவர் கண் முன்னாலேயே உடைத்துப் போடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு முறை பொய் சொன்னார். அதுவும் வாயால் இல்லை, கையால்.

வாரத்தில் ஆறு நாள் கதவு, ஜன்னல். ஏழாம் நாள் வில். மூடிக்கிடந்த நூல் ஆலையின் பின்பக்க மைதானத்தில் ஒரு வில் கிளப் இருந்தது. அங்கே முட்டி போட்டு எய்வதுதான் வழக்கம். முட்டி போட்டவருக்கு நீண்ட வில் ஆகாது, கீழ்முனை தரையில் இடிக்கும். ஆகவே வில் குட்டையாக இருக்க வேண்டும். இலக்கோ தொலைவில். ஆகவே இழுக்கும் கனமும் நிறைய வேண்டும். குட்டையும் வேண்டும், கனமும் வேண்டும் என்றால் மரம் என்ன செய்யும்? நீளமான வில்லில் வளைவை எல்லா இடமும் பங்கு போட்டுக்கொள்ளும். குட்டை வில்லில் ஒவ்வொரு அங்குலமும் இரண்டு பேர் சுமையைச் சுமக்க வேண்டும். வில்லின் வெளிப்பக்கமான முதுகு பிளக்கும், இல்லாவிட்டால் எய்பவரைப் பார்த்த வயிற்றுப் பக்கம் நசுங்கிச் சுருக்கம் விழும்.

கிளப்பில் நல்ல கை என்று பேர் எடுத்தவள் அவருடைய மச்சினன் மகள். பள்ளிக்கூட டீச்சர். கணக்குப் பாடம். ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போது கேட்டாள்.

“மாமா, நாலடி நீளத்துல அறுபது பவுண்டு வில் ஒண்ணு செஞ்சு தர முடியுமா?”

“முடியாதுங்கறவன் தச்சனே இல்ல,” என்றார் கச்சிதம்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். முசுக்கட்டை மரத்தில் வயிரம் பாய்ந்த பகுதியாகத் தேடி எடுத்தார். முதுகில் மரத்தின் ஒரே வருட வளையம் முனைக்கு முனை அறுபடாமல் ஓடும்படி இழைத்தார். மாட்டுக்கால் நரம்பை உலர்த்தி, இடித்து, நார் நாராகக் கிழித்து, வச்சிரப் பசையில் தோய்த்து முதுகில் ஒட்டினார். அது காய நாலு மாதம். காய்ந்ததும் சுவர் முளையில் மாட்டி, தராசுக் கொக்கியை நாணில் போட்டு, உருளைக் கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தார். முதல் வில் ஐம்பத்தெட்டில் வெடித்து, அதன் துண்டு பட்டறைக் கடிகாரத்தை உடைத்தது. இரண்டாவது முறுக்கிக்கொண்டது. மூன்றாவதுக்கு வயிற்றில் சுருக்கம். இப்படியே ஐந்து போயின. இரண்டு வருடம் போயிற்று. கிளப்பில் போகிறவன் வருகிறவன் எல்லாம், “என்னண்ணே, வில்லு இன்னும் பிறக்கலையா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆறாவது உடையவில்லை. ஆனால் மேல்பாதியில் ஒரு இடம் மட்டும் முழங்கை மாதிரி மடிந்தது. அதைச் சரிசெய்ய மற்ற இடங்களைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட வளைவு சீராகும், கனம் இறங்கும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசியில் அவர் ஆயுசில் பார்த்த வில்களிலேயே அழகான வில்லாக அது வந்து நின்றது. தராசு மட்டும் நாற்பத்தாறு என்றது.

வழக்கம் என்னவென்றால், முழு இழுப்பில் தராசு எவ்வளவு காட்டுகிறது என்று காய்ச்சிய கம்பியால் கைப்பிடிக்கு மேலே சுடுவது. அந்தக் கணக்கை யாரும் திரும்ப நிறுத்துப் பார்ப்பதில்லை. செய்தவன் சொன்னது சொன்னதுதான். டீச்சர் அன்று சாயங்காலம் வருவதாக இருந்தது. கச்சிதம் கம்பியைக் காய்ச்சினார். அறுபது என்று சுட்டார். ‘பொம்பளப்பிள்ளை, இதுக்கு மேல அவளால இழுக்கவும் முடியாது, தெரியவா போகுது’ என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. பொய்யைவிட அந்த நினைப்புதான் பிற்பாடு அவரை அதிகம் கூசவைத்தது.

அவள் வந்து இழுத்தாள். காதுவரை இழுத்தாள். கிளப்பே கை தட்டியது. அறுபது பவுண்டு இழுத்த முதல் பெண் என்று ஆலைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதினார்கள். அது நல்ல வில், அம்பு பறந்தது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து வெளியூர்ப் போட்டி. அவள் கூடாரத்தில் வைத்த வில்லின் நாண் அறுந்துபோயிற்று, மாற்று நாணும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் தன் வில்லைக் கொடுத்தார். அதிலும் அறுபது என்று போட்டிருந்தது. அது நிஜ அறுபது. முதல் இழுப்பிலேயே அவளுக்குப் பாரமாகத்தான் இருந்தது. ‘தினமும் இழுக்கிற கனம்தானே, இன்னிக்குப் பயம், அவ்வளவுதான்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நாலு அம்பு போயிற்று. ஐந்தாவதில் தோளில் ஏதோ கிழிந்தது. பக்கத்தில் இருந்தவருக்கே சத்தம் கேட்டதாம்.

இப்போது அவளால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுகிறாள். பின்பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

கச்சிதத்தின் மனைவிக்கு அவள் அண்ணன் மகள், வளர்த்த பாசம். வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்து, “ஆழம் தெரியாம காலை விட்டுட்டா. எவனோ செஞ்ச வில்லை எதுக்குத் தொடணும்? உங்க வில்லுல ரெண்டு வருஷம் இழுத்தாளே, ஒரு சுளுக்கு உண்டா?” என்பாள். கிளப்பிலும் இதே பேச்சு. கச்சிதம் செய்த அறுபது என்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதாம். அவரிடம் புதிதாக ஏழு வில்லுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இலை போட்டு விருந்தும் வைத்தால் எப்படி இருக்கும்? மூன்று மாதம் அவர் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யவில்லை. தடவிப் பார்த்தே செய்துகொண்டார்.

ஒரு சாயங்காலம் தராசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், இடது கையால்.

“வாங்க மாமா. என்ன, பட்டறையையே தூக்கிட்டு வந்துட்டீங்க?”

“உன் வில்லு எங்கம்மா?”

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே துணியில் சுற்றி வைத்திருந்தாள். அவர் புது நாண் ஏற்றினார். தராசை ஜன்னல் கம்பியில் கட்டி, நாணைக் கொக்கியில் மாட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். முழு இழுப்பு வந்ததும், “என்ன காட்டுது, படி,” என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். “நாப்பத்திரெண்டு. தராசு சரியா இருக்கா மாமா?”

“தராசு சரியாத்தான் இருக்கு.”

“அப்ப வில்லு தளர்ந்திருக்கும். ரெண்டு வருஷம் இழுத்த மரம்தானே?”

அவர் தப்பித்துப் போக அவளாகவே கதவைத் திறந்து விட்டாள். தலையை ஆட்டினால் போதும். மரம் தளரும் என்பது பொய்யும் இல்லை, நாலைந்து பவுண்டு இறங்கத்தான் செய்யும். கச்சிதத்தின் தலை ஆடப் பார்த்தது. அதற்காகவும் வெட்கப்பட்டார். வில்லை மெல்ல விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“இல்லம்மா. அன்னிக்கே நாப்பத்தாறுதான். தெரிஞ்சேதான் அறுபதுன்னு சுட்டேன்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். முகம் மட்டும் சிவந்துகொண்டே போயிற்று. அது கோபம் இல்லை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வகுப்புல சொல்லியிருக்கேன் மாமா,” என்றாள். “கணக்கு வரலைன்னு எந்தப் பிள்ளை அழுதாலும், ‘டீச்சர் அறுபது பவுண்டு இழுப்பேன், முதல்ல எனக்கும் முடியாதுன்னுதான் சொன்னாங்க’ன்னு சொல்வேன். ரெண்டு வருஷமா சொல்லியிருக்கேன்.”

“நாளைக்குக் கிளப்புல எல்லார் முன்னாடியும் நின்னு சொல்றேன். அவங்க காறித் துப்பட்டும். நான் செஞ்சதுக்கு அதுதான்.”

“வேண்டாம்.”

“சொல்லாம இருக்க முடியலம்மா. நெஞ்சு அடைக்குது.”

“உங்களுக்கு நெஞ்சடைப்பு போகும். எனக்கு?” முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. “கை போனது போச்சு. அறுபது இழுத்தவளுக்குக் கை போச்சுன்னாவது இருக்கட்டும். அத்தைகிட்ட கூட மூச்சு விடாதீங்க.”

எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பதுதான் இருப்பதிலேயே பெரிய தண்டனை என்று மூன்று மாதமாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தவர், அது தனக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும் உள்ளுக்குள் நொறுங்கிப் போனார்.

அடுத்த ஏழாம் நாள் கிளப்பில் கூட்டம். டீச்சர் இனி எய்ய மாட்டாள் என்பதால் அவள் வில்லைக் கிளப் அறையில் மாட்டி வைக்க முடிவு செய்திருந்தார்கள். அவளும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். செயலாளர் பலகையும் பெயிண்டும் வைத்துக்கொண்டு, எதற்கும் கேட்டுவிடுவோம் என்று திரும்பினார்.

“கச்சிதம் அண்ணே, சரியா அறுபதுதானே? ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். கச்சிதத்தின் வில்லிலா கூடக் குறைய இருக்கும்? அவள் மட்டும் சிரிக்கவில்லை, மடியில் கிடந்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“அறுபதுதான்,” என்றார்.

செயலாளர் எழுத ஆரம்பித்தார். அவள் அவருக்கு நன்றி சொல்வது போல மெல்லத் தலையசைத்தாள். கச்சிதம் எழுந்து வெளியே போய், ஆலைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கூப்பிட்டும் வெகுநேரம் திரும்பவில்லை.