ஒரு டிகிரி ஜாஸ்தி

மகளுக்கு ஜுரம். புது தெர்மாமீட்டரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அந்த வாசனையில் ஆம்பூர் வீடு வந்துவிட்டது.

அம்மா நர்ஸ். எங்கள் தெருவுக்கே இருந்த ஒரே தெர்மாமீட்டர் எங்களுடையது. அது ஒரு டிகிரி ஜாஸ்தி காட்டும். ஆஸ்பத்திரி தெர்மாமீட்டரையும் அதையும் தன் வாயில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து அம்மா கண்டுபிடித்தது அது. இரவல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் அது உடைந்து, புதிது வந்தது. முதலில் வாங்கிப்போன எதிர்வீட்டு ஹாஜிரா அத்தை, திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "பையனுக்கு நூத்தி ரெண்டுதான்க்கா."

"ஒண்ணு கழிச்சிட்டியா?"

"ஆமா, எப்பவும் போல."

"ஐயோ, இது சரியா காட்றதுடி! அப்ப நூத்தி மூணு. சொல்லாம குடுத்தது என் தப்பு."

அம்மா ஈரத்துணியோடு ஓடினாள். பையனுக்கு ஜுரம் இறங்கியதும் வீடு வீடாகப் போய், "இனிமே யாரும் கழிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு கருவியை அத்தனை மரியாதையோடு சந்தேகப்பட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

இப்போது மகளுக்கு வைக்கும் முன், புது தெர்மாமீட்டரை என் வாயில் வைத்துப் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து மகள் கேட்டாள்: "ஜுரம் உனக்கா, எனக்காம்மா?"