தேன் சேர்க்காத கஷாயம்

கேம்ப் ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் இன்று ஆடாதொடைப் பொடியைப் பிரித்துக் காட்டினார்கள். அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதும், இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் சேலையூர் வாடகை வீடும், அதன் பின்வேலி முழுக்க நின்ற ஆடாதொடைச் செடிகளும், ஒரே அறைக்குள் அப்பாவின் சிகரெட் புகையும் தங்கை ஸ்டெல்லாவின் இழுப்புச் சத்தமும் கலந்து கிடந்த மாலைகளும் திரும்ப வந்தன.

அப்பா பள்ளி ஆசிரியர். ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் சிகரெட்டை விடுவதாக ஜெபம் செய்வார். விட உதவும் என்று அம்மா கொடுத்த கிராம்பை, புகைத்த வாடையை மறைக்க மெல்லுவார். மூச்சுக்குத் தவித்து, அம்மா முதுகைத் தடவித் தர, அழுதுகொண்டே ஆடாதொடைக் கஷாயம் குடிப்பவள் ஸ்டெல்லாதான்.

பத்து வயதில் ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அதே இலையை இரண்டு பங்கு போட்டு, தேன் சேர்க்காமல், சுண்டக் காய்ச்சி, அன்றிலிருந்து தினமும் மாலை அப்பாவிடம் நீட்டினேன். "குடிங்கப்பா. சிகரெட்டை விட்டுடலாமாம்." அவர் முகம் கோணுவதைக் கடைசி மடக்குவரை நின்று பார்ப்பேன். அவர் விடுவாரா என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

ஆனால் அவர் விட்டுவிட்டார். "எம்பொண்ணு பாசத்துக்காக விட்டேன்" என்று சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், "இனிமே கஷாயம் வேணாமேம்மா" என்று கெஞ்சினார்.

"நுரையீரல் சுத்தமாகணும்னா இன்னும் ஆறு மாசம் குடிக்கணும்ப்பா" என்றேன். அப்படி யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.