கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பார்த்த சிஸ்டர்

பிளீச்சிங் பவுடர் வாங்க வந்த வார்டு ஆள் தாமதமாக வந்ததற்கு நான் சத்தம் போட்டேன். "அருளம்மாள் சிஸ்டர் காலைல தவறிட்டாங்க சார்" என்றார். கையெழுத்துக்கு நான் நீட்டியிருந்த நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

சிஸ்டரோடு வேலை செய்த நர்ஸ்களான உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஸ்ரீரங்கத்தில் குடிநீர்ப் பம்புகளைப் பார்க்கும் ஓவர்சியர். அவர் தொற்றுநோய் வார்டின் தலைமை நர்ஸ். வெளியாள் கண்ணில் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பத்து வாளிகளில் அளவுக்கோடு போடத்தான் அவர் என்னை முதலில் கூப்பிட்டனுப்பினார். வார்டில் ஒரு காலரா நோயாளிகூட இல்லை. நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டிய கான்வாஸ் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. ஓட்டைக்கு நேர் கீழே வாளி. அளவு எதற்கு என்று கேட்டேன். "உடம்புலேருந்து எவ்வளவு போச்சுன்னு தெரியாம எவ்வளவு ஏத்துறது சார்?" என்றார். பம்பு பார்க்கிறவனுக்குப் புரிகிற பேச்சு. எனக்குப் பிடித்தது.

கோடு போட்டதும் கிளம்பப் பார்த்தேன். ஒத்திகை ஒன்று இருக்கிறது, இருந்து பார்க்கச் சொன்னார். ஒரு நர்ஸ் நோயாளியாகப் படுத்துக்கொண்டார். இன்னொருவர் வாளியில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார். காலராவில் போவது அப்படித்தான் இருக்குமாம். மூன்றாவது கோடு வந்ததும் வேலைக்குப் புதிதாக வந்த நர்ஸ் மூன்று சலைன் பாட்டில்களை எடுத்து வைத்தார். அருளம்மாள் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாட்டில் பழைய பைண்ட் அளவு, அரை லிட்டர் சொச்சம். என் கோடு ஒரு லிட்டர். போனதில் பாதிதான் திரும்ப உள்ளே போயிருக்கும். நிஜ நோயாளி என்றால் பிழைப்பது சந்தேகம்.

இனி பைண்ட் கிடையாது, லிட்டர்தான் என்று சர்க்கார் உத்தரவே இருக்கிறது என வாதாடினேன். "சர்க்கார் சொன்னது சரிதான் சார். பாட்டில் கேக்கலையே" என்றார். படுத்திருந்த நோயாளியே சிரித்துவிட்டார். முகம் சுண்டிப்போய், பத்து வாளியையும் சுரண்டி, ஒரு கோட்டுக்கு ஒரு பாட்டில் என்று மறுபடி பெயிண்ட் அடித்தேன்.

அந்த ஐப்பசியில் கொள்ளிடம் கரை மீறியது. பின்னாலேயே காலரா. என் பம்பு டிரைவர் மாரியப்பனை நானே தூக்கிக்கொண்டு போனேன். கண் குழிந்துவிட்டது, மணிக்கட்டில் நாடி அகப்படவில்லை. டாக்டர் அக்கரையில், வெள்ள முகாமில். அவர் முன்னமே எழுதிக் கொடுத்திருந்த உத்தரவுப்படி அதே புது நர்ஸ் ஊசி குத்தி சலைன் ஏற்றினார். அவர் முகத்தில் பயம் அப்பியிருந்தது. ஆனால் குனிந்து கோட்டைப் பார்ப்பதும் அடுத்த பாட்டிலை மாட்டுவதும் நிற்கவில்லை. அருளம்மாள் தள்ளி நின்று பார்த்தார். சாயங்காலம் நாடி வந்தது. மறுநாள் மாரியப்பன் பீடி கேட்டார்.

இதெல்லாம் வருமென்று எப்படித் தெரிந்தது என்று பிறகு அருளம்மாளிடம் கேட்டேன். "எனக்கென்ன ஜோசியமா தெரியும்? பயந்த நேரத்துல யோசனை ஓடாது சார். கை பழகினதைத்தான் செய்யும்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். மாதம் ஒருமுறை, யாருக்கும் சொல்லாமல், பெரிய மோட்டாரை நிறுத்திவிட்டு யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறேன். போன மாதம் மாற்று மோட்டாரை ஓட்டப் போன எல்லோரும் அதன் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பூட்டியிருந்தது. நான் கத்தத் தொடங்கினேன்.

"சாவி உங்க சட்டைப் பையில இருக்குங்க" என்றார் மாரியப்பன்.

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு அந்தக் கதவருகே ஓர் ஆணி அடித்து, சாவியை அதில் மாட்டினேன்.